மருந்து போட்ட மல்லாட்டை

விதைப்பு முடிந்து கரையேறும்போது எங்களை வரிசையாக நிற்க வைப்பார்கள். ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்வார்கள். துப்பிய தண்ணீர் தெளிவாக இருந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. வெளுத்து வந்தால் விதை மல்லாட்டையைத் தின்றிருக்கிறாள் என்று அர்த்தம்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அவளுக்குக் கூலி கிடையாது, காது நிறைய வசவு மட்டும் கிடைக்கும். ஆண்டையின் மனைவி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒவ்வொருத்தி துப்புவதையும் குனிந்து பார்ப்பாள். தான் பெற்ற பிள்ளைக்குப் பேதி போனபோதுகூட அந்த அம்மாள் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டாள்.

எங்கள் ஊர் மண்டகப்பட்டுக்கும் மயிலத்துக்கும் நடுவில், சங்கராபரணி ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஊர் மேட்டில், சேரி ஆற்றோரத்தில். ஆற்றில் வெள்ளம் வந்தால் முதலில் நனைவது நாங்கள், வறண்டால் முதலில் தாகத்தில் தவிப்பதும் நாங்கள். ஊருக்குக் கிணறு இருந்தது. எங்களுக்கு ஆற்று மணலைத் தோண்டி இறைக்கிற ஊற்றுதான்.

ஆடி மாதம் வயிறு காய்கிற மாதம். கேப்பை தீர்ந்திருக்கும், புதுசு வருவதற்கு வெகுநாள் இருக்கும். அந்த மாதத்தில்தான் விதைப்பு. மூட்டை மூட்டையாக மல்லாட்டையை நாங்களே உடைத்து, பருப்பை நாங்களே பொறுக்கி, ஏருக்குப் பின்னால் நாங்களே சாலில் போட்டுக்கொண்டு போக வேண்டும், ஆனால் ஒன்றைக்கூட வாயில் போடக் கூடாது. பசித்தவர்களின் மடியில் தீனியைக் கட்டி வெயிலில் நடக்க விடுகிற வேலை அது. அதனால் விதையைக் காப்பாற்ற ஆண்டைமார்கள் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஒருத்தர் சாணித் தண்ணீரில் புரட்டுவார். ஒருத்தர் வேப்பெண்ணெய் ஊற்றுவார். எங்கள் ஆண்டை இரண்டும் செய்வார். செய்துவிட்டுக் களத்து மேட்டில் நின்று ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி சத்தம் போடுவார்.

"வெஷம் போட்டிருக்குதுடி. தின்னுட்டு நாளைக்கிக் குடல் வெந்து செத்தீங்கன்னா என்னக் கேக்கக் கூடாது."

நாங்களும் ஒவ்வொரு வருஷமும் தலையை ஆட்டிவிட்டு, மடியில் ஒரு பிடி முடிந்துகொண்டு போவோம். இருட்டுவதற்குள் ஆற்று மடுவில் கூடையோடு முக்கி அலசினால் சாணி போய்விடும். வேப்பெண்ணெய் கசப்புக்குச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு மணல் போட்டு வறுத்தால் வாசனை அடுத்த குடிசை வரைக்கும் போகும். தின்று யாரும் செத்ததில்லை. ஆண்டைக்கும் அது தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவர் சொல்வதும் நாங்கள் தின்பதும் நிற்கவில்லை.

அம்மா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். என்னை வளர்த்தது அக்கா. அக்காவைக் கட்டிய மாமா ஆண்டையிடம் படியாளாக இருந்தார். அவர் ஏர் பிடித்து முன்னால் போக, அக்காவும் நானும் விதை போட்டுக்கொண்டு பின்னால் போவோம். அக்காவுக்குக் கரு தங்குவதில்லை. தங்கியதுபோல் இருக்கும், ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். அறுபதுகளின் நடுவில் அந்த ஆடி மாதம் வந்தபோது அவளுக்கு மறுபடியும் மாதம் தள்ளியிருந்தது. இந்த முறையாவது பிள்ளை உயிரோடு கைக்கு வர வேண்டும் என்பதைத் தவிர எங்கள் குடிசையில் வேறு பேச்சில்லை. மயிலம் முருகனுக்கு மாமா முடி வளர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம்தான், விவசாயம் சொல்லிக்கொடுக்க சர்க்கார் வைத்த கிராம சேவக் சைக்கிளில் ஒரு தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். விதை அழுகாமல் முளைப்பதற்கு சர்க்காரில் மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றார். களத்தில் மூடி போட்ட பீப்பாய் ஒன்றில் பருப்பைக் கொட்டி, மருந்தைத் தூவி, ஆள் வைத்து உருட்டச் சொன்னார். வெளியே வந்த பருப்பெல்லாம் செங்கல் தூளில் புரண்டதுபோல் சிவந்திருந்தது. மூக்கின் உள்ளே கீறுகிற மாதிரி ஒரு வாடை. டப்பாவின் மேல் மண்டை ஓடு படம் போட்டிருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஆண்டையிடம் தனியாகப் பேசினார். எங்களிடம் எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய ஆட்களாக அவருக்கு நாங்கள் தோன்றவில்லை.

அவர் சைக்கிள் ஏறிப் போன பிறகு ஆண்டை களத்து மேட்டுக்கு வந்தார்.

"இந்த வருஷம் நெஜமாவே வெஷம்டி. கெவுருமெண்டு வெஷம். தொட்ட கையக்கூட வாயில வெக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். போன வருஷம் சாணி, இந்த வருஷம் சாயமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஆண்டை தன் ஆயுளில் எங்களிடம் சொன்ன ஒரே உண்மை அது. அதைச் சொன்ன வாய் எத்தனை வருஷம் பொய் சொன்ன வாய் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இருந்தாலும் நாங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிடவில்லை. மண்டை ஓடு கொஞ்சம் உறுத்தியது. அதனால் முதல் நாள் கொண்டுவந்ததை மடுவில் நன்றாக அலசினோம். தண்ணீர் சிவந்து ஓடியது. அலச அலசச் சாயம் போய், பருப்பு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் ஒரு பிடியை எங்கள் கோழிக்குப் போட்டுவிட்டு, மாமா பக்கத்திலேயே குந்திக்கொண்டார். கோழி தின்றது. மறுநாள் முட்டை வைத்தது. அதற்கு மறுநாளும் தெருவெல்லாம் மேய்ந்தது.

"பாத்தியா," என்றார் மாமா. "கோழிக்கி ஒண்ணும் ஆவல. ஆண்டை பேச்சு ஆண்டை பேச்சுதான்."

பிறகு யாரும் தயங்கவில்லை. மசக்கையில் அக்காவுக்குக் கூழ் இறங்கவில்லை, வறுத்த மல்லாட்டை மட்டும் இறங்கியது. மல்லாட்டை தின்றால் பால் ஊறும், பிள்ளை எலும்பு பிடிக்கும் என்று சேரியில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அவளுக்குக் கரு தங்காத கதையும் எல்லோருக்கும் தெரியும். அதனால் விதைப்பு முடிந்து வருகிறவர்கள் எங்கள் குடிசை வாசலில் நின்று, தங்கள் மடியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் அவள் முறத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். தன் பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று போட்டவர்களும் உண்டு. எங்கள் சேரியில் அவ்வளவு அன்பு ஒரே ஆளின் மேல் கொட்டியதை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. நாசமாய்ப் போன அன்பு. யாராவது ஒருத்தி கஞ்சத்தனமாக இருந்திருக்கக் கூடாதா என்று நான் பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

விதைப்பு முடிந்ததும் மிச்சம் இருந்த மருந்தோடு பீப்பாயை ஆற்றில் கொண்டுபோய்க் கழுவச் சொன்னார் ஆண்டை. தன் கிணற்றடியில் கழுவினால் கிணறு கெட்டுவிடும் என்ற யோசனை அவருக்கு இருந்தது. மாமாவும் இன்னொரு ஆளும் மடுவில் இறக்கிக் கழுவினார்கள். ஊற்று அதற்குச் சற்றுக் கீழேதான். மடுவில் கெண்டைகள் பக்கவாட்டில் சாய்ந்து நீந்தின. கையாலேயே பிடிக்க முடிந்தது. பையன்கள் மடி நிறையப் பிடித்து வந்தார்கள், நாங்கள் குழம்பு வைத்தோம். ஆடி வெயிலில் தண்ணீர் சூடேறியதால் மீன் மயங்குகிறது என்று பெரியவர்கள் விளக்கம் சொன்னார்கள். எதற்கும் ஒரு விளக்கம் சொல்ல ஆள் இருந்தார்கள்.

பயிர் களை எடுக்கிற பருவத்துக்கு வந்தது. ஓர் இடம் விடாமல் முளைத்து, பூ எடுத்து நின்றது. கிராம சேவக் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போனார். அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கு விரல் நுனி மரத்தது. சேரியில் இன்னும் சிலருக்கும் அப்படி இருந்தது, ஆனால் முறம் நிறைந்தது எங்கள் குடிசையில்தான்; மற்றவர்களுக்கு மரத்ததோடு நின்றது.

முதலில் பீடி சுட்டது தெரியவில்லை. பிறகு கயிற்றில் முடிச்சுப் போட வரவில்லை. பிறகு நடை தள்ளாடியது. நேரே பார்ப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. தான் கட்டிய மாட்டின் மேலேயே போய் மோதிக்கொண்டார். பேச்சு குழறியது. பகலிலேயே குடித்துவிட்டு வருகிறான் என்று ஆண்டை மாடு ஓட்டுகிற தார்க்குச்சியால் அடித்தார். மாமாவுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தால் குடிகாரன் பேச்சுதான் வெளியே வந்தது.

திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று அவரைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி அவர் தள்ளாடியதைப் பார்த்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஊதச் சொன்னார்கள். ஊதினார். வாடை வரவில்லை.

"வாடை வராத சரக்கு எங்கடா வாங்கின, சொல்றா," என்று கேட்டு ஒருத்தர் கன்னத்தில் அறைந்தார்.

நோயாளி என்று நான் அழுததை அவர்கள் சட்டை செய்யவில்லை. குடிகாரன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். பொழுது சாய்ந்த பிறகுதான் விட்டார்கள். டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் மறுபடியும் போய்ப் பார்த்ததில், ரத்தம் சுண்டிவிட்டது, பால் முட்டை கொடு என்று சொல்லி ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். பால் முட்டை. கோழியாவது இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்தால் அது கூரையோரம் கழுத்தைத் திருகிக்கொண்டு, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மாமா அதை வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கார்த்திகை அடைமழையில் அவர் செத்துப்போனார். மயிலத்துக்கு வளர்த்த முடியோடுதான் புதைத்தோம்.

அக்காவுக்கு அவ்வளவு ஒன்றும் ஆகவில்லை. உதட்டைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறது என்றாள். நாக்கில் துணி சுற்றின மாதிரி இருக்கிறது என்றாள். மற்றபடி வயிறு ஏறிக்கொண்டே போனது. மாமா போனதற்குக்கூட அவள் அடக்கித்தான் அழுதாள், குலுங்கி அழுதால் வயிற்றுக்கு ஆகாது என்று. மாசியில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, கை கால் எல்லாம் முழுசாக. போனவர் திரும்பி வந்துவிட்டார் என்று சேரியே வந்து பார்த்தது. எனக்கும் அன்றைக்கு அப்படியொரு சந்தோஷம். அதை இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை. விளக்கைக் காட்டினால் கண் அதைத் தேடவில்லை. கையைத் தட்டினால் திரும்பவில்லை. திடீரென்று உடம்பு வில்லாக விறைத்துக்கொள்ளும், பிறகு நனைந்த துணியாகத் துவளும். பால் குடிக்கவே அதற்குத் தெரியவில்லை. அக்கா பீய்ச்சிப் பாலாடைச் சங்கால் ஊற்றுவாள், பாதி வெளியே வழியும். அவளுக்குப் பால் மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது. அந்தப் பாலிலும் அதேதான் இருந்திருக்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அது என்னவென்று பல வருஷம் கழித்து விழுப்புரத்தில்தான் தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். ஒருநாள் ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குழாய் கீழே விழுந்து உடைந்தது. வெள்ளி மணிகளாகத் தரையில் உருண்டதைக் கூட்டிக் கையில் எடுத்தேன். நர்ஸம்மா பதறிப்போய், அது பாதரசம், கையில் எடுக்காதே என்றாள். அதே வருஷம் உடம்பில் நீர் கோத்து வந்து படுத்த ஒரு கிழவரைத் துடைத்துவிடும்போது அடையாளம் தெரிந்தது. அந்தக் கிராம சேவக். எங்கள் ஊரைச் சொல்லி, அந்த மருந்தில் என்னதான் இருந்தது என்று கேட்டேன்.

"பாதரசம்மா. இது மாதிரி உருள்றது இல்ல, தூளா சேர்த்திருந்தது. ஒடம்புல ஏறிச்சுன்னா உடனே தெரியாது, மெதுவாத்தான் மூளையத் தின்னும். கழுவினா சாயந்தான் போவும், அது போவாது," என்றார். பிறகு, "ஜனங்களுக்கு எச்சரிக்கை பண்ணுங்கன்னு அப்பவே உங்க ஆண்டைகிட்டச் சொன்னேனே. அவரு சொல்லலியா?" என்று கேட்டார்.

சொன்னார் என்றேன். அது உண்மைதானே. அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் துப்பிய எச்சிலைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ஆண்டை சொன்னதை நான் மறக்கவே இல்லை. அந்த வருஷமே, பிள்ளையின் நிலைமை ஊருக்குத் தெரிந்ததும் அவர் சேரி எல்லை வரைக்கும் வந்து நின்றார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். எதையாவது கொடுப்பார் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. அவர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

"நான்தான் சொன்னேன் இல்ல?"

அடுத்த ஆடி வந்தது. டப்பா வரவில்லை. கிராம சேவக்கை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். ஆனாலும் விதை சிவப்பாகத்தான் களத்துக்கு வந்தது. எங்கள் பெண்கள் கூடையைத் தொடவே பயந்தார்கள். விதைப்புக்கு முதல் நாள் ஆண்டை அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"நீ வெதை போட வாணாம். புள்ளையத் தூக்கிக்கினு வந்து வரப்புல குந்திக்கினு இரு. எல்லாம் அவளுங்க கண்ணுல படற மாதிரி குந்து. வெதை போடறவளுங்களுக்குக் குடுக்கற கூலி உனக்கும் உண்டு," என்றார்.

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. ஆண்டையிடம் சரி என்று தலையை ஆட்டினாள்.

வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பெற்ற பிள்ளையைச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி வைக்கப் போகிறாயா, வெட்கமில்லையா என்று கேட்டேன்.

"இத இடுப்புல வெச்சிக்கினு வேற எந்த வேலைக்கிடி போவேன்?" என்றாள் அக்கா. "இறக்கி வெச்சாத் தலை தொங்கிப் பொரை ஏறுது. குந்திக்கினு இருந்தாக் கூலி குடுக்கறேங்கறான். வேற எவன் குடுக்கறான்?"



மறுநாள் அவள் வரப்பில், ஏர் திரும்புகிற இடத்தில், முக்காட்டைப் பிள்ளைக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சால் முடிந்து திரும்பும்போதும் பெண்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும். பிள்ளை விறைத்து முறுக்கிக்கொண்டபோது ஆண்டை தடியால் அதைக் காட்டினார். பார்த்தவர்கள் விதை போட்ட கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார்கள். போன வருஷம் அவள் முறத்தில் விதையைப் போட்டுவிட்டுப் போனவர்கள்தான் அத்தனை பேரும். ஒருத்தியும் வாயில் ஒன்று போடவில்லை. எச்சில் ஊறியதைக்கூடத் துப்பினார்கள்.

உச்சி வேளைக்கு நான் அவளிடம் தண்ணீர் கொண்டுபோனேன். ஆண்டை புளிய மர நிழலில் படுத்திருந்தார்.

"உன் மடியில இருக்கறதுல ரெண்டு குடு," என்றாள் அக்கா.

நான் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளே என் மடியில் கையை விட்டு எடுத்தாள். மூக்கில் வைத்து மோந்தாள். பிறகு நாக்கு நுனியில் தடவிப் பார்த்தாள்.

"இது வெறும் செங்கல் தூளுடி. மருந்து வாடையே இல்ல. நான் இங்க வந்து குந்தும்போதே காத்துல தெரிஞ்சிடிச்சி," என்று சொல்லிவிட்டு, முந்தானையில் துடைத்து, இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் அவள் வாயையே பார்த்தேன். அவள் நிதானமாக மென்றாள். இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். அந்த வாடையை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் யாரும் இல்லை. சாலில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். காலையில் கூழ்கூட இல்லாமல் வந்தவர்கள். வெயிலில் உதடு வெடித்து, மடி நிறைய நல்ல மல்லாட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்போ அவங்ககிட்டச் சொல்லட்டுமா?" என்றேன்.

அக்கா மெல்வதை நிறுத்தினாள். பிள்ளையின் கடைவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"சொன்னாத் தின்னுடுவாளுங்க," என்றாள். "தின்னுட்டு நல்லா இருந்தாளுங்கன்னா, நாளைக்கி என்ன எதுக்குக் கூப்புடுவான்?"

நான் சொம்பை எடுத்துக்கொண்டு சாலுக்குப் போனேன். மிச்சப் பொழுதும் விதை போட்டேன். பக்கத்துச் சாலில் வந்த பெண்ணுக்கு மயக்கம் வந்து ஒருமுறை மண்ணில் உட்கார்ந்தாள். எழுப்பிவிட்டேன், ஒன்றும் சொல்லவில்லை.

பொழுது சாயும்போது வழக்கம்போல வரிசையில் நிறுத்தினார்கள். சொம்பு கை மாறிக்கொண்டே வந்தது. ஆண்டையின் மனைவி குனிந்து குனிந்து பார்த்தாள். எங்கள் எல்லோர் வாயிலிருந்தும் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. அக்கா பிள்ளையை இடுப்பில் சாத்திக்கொண்டு கடைசியில் நின்றாள். அவளை மட்டும் துப்பச் சொல்லவில்லை.